மாத்திரையை நிறுத்திய அம்மா

"மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்க டாக்டரம்மா. எல்லாம் உங்க சூரணம்தான்!"

சுகுணா இதைக் கலைமணியிடம்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல் திறந்த கதவைத் தாண்டி, வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

பாப்பாரப்பட்டியில் அன்று சந்தை. கலைமணியின் ஆயுர்வேத கிளினிக்கில் பெஞ்சு கொள்ளாத கூட்டம்.

கலைமணிக்குப் பகீரென்றது.

முதல் தடவை வந்தபோதே அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுகுணாவின் மகள் சுசித்ராவுக்கு வயது பதினைந்து. தைராய்டு சுரப்பி சோர்ந்து, முகம் ஊதி, முடி கொட்டி, வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்த பெண்.

உடம்பில் அக்னி மந்தமாகிக் கபம் கூடியிருக்கிறது, அதற்கு மந்தாரைப் பட்டையும் சுக்கு, மிளகு, திப்பிலியும் சேர்ந்த சூரணம் தருகிறேன் என்றாள். பகலில் படுக்கக் கூடாது, ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுதோடு முடித்துவிட வேண்டும் என்றாள். ஆனால் தர்மபுரி டாக்டர் கொடுத்த காலை மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. சுரப்பி தராததை அந்த மாத்திரைதான் தருகிறது. வளர்கிற பிள்ளைக்கு அது சோறு மாதிரி.

சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறாள் இந்த அம்மா.

சுகுணா கொண்டுவந்திருந்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கலைமணி பிரித்தாள்.

எல்லாம் சரியான அளவில் இருந்தது.

அம்மா பக்கத்தில் இருந்த சுசித்ராவை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. கண்ணில் தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் சேர்த்துக்கொண்டார்களாம். மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடி தெளிவாக ஓடியது.

படிக்கிற காலத்திலிருந்து அவள் நம்பி வரும் வைத்தியம். அது ஜெயித்துவிட்டதென்று ஒருத்தி ஊர் கேட்கச் சொல்கிறாள். கலைமணிக்கு ஒரு கணம் இனித்தது.

ஒரே ஒரு கணம்தான்.

சூரணம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பெண் இருந்த இருப்புக்கு, இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் இப்படி ஒரு முடிவு வராது. பரிசோதனையில்தான் எங்கோ ஆள் மாறியிருக்க வேண்டும்.

"டெஸ்ட்ட மறுபடி எடுக்கணும். மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சிருங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "என் மருந்து அதுக்குப் பதில் இல்லம்மா."

சுகுணா வாதாடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆகட்டுங்க," என்று முணுமுணுத்தாள். சுசித்ரா குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரணம் வாங்க சுகுணா மட்டும் வெளியே போனாள்.

முன் பெஞ்சில் ராமக்காள் உட்கார்ந்திருந்தாள். சுகுணாவின் நாத்தனார். மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்க வந்தவள். கல்யாணமோ காதுகுத்தோ, சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சுசித்ராவை 'மாத்திரைக்காரி' என்றே கூப்பிட்டு, அதையே அவளுக்குப் பெயராக்கிவிட்டவள்.

"நெசமாவா சுகுணா? தைராய்டு மாத்திரையே இல்லியா?"

"ஒண்ணுகூட இல்லீங்க அண்ணி!"

அருகில் ஒரு பெண் இதை வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒகேனக்கலில் மீன் வறுத்து விற்கிறவள். மடியில் அவள் மகள், மூன்று வயதிருக்கும். பிறவியிலேயே தைராய்டு குறை உள்ள குழந்தை. மலச்சிக்கலுக்குக் காட்ட வந்திருந்தாள்.

"எம்புள்ளைக்கும் பொறந்ததுலேர்ந்து இந்த மாத்திரதாங்க," என்றாள் சுகுணாவிடம். "அப்ப நானும் நிறுத்திர்றேன். விட்டது சனி."

பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். காலடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டாள்.

உள்ளே கலைமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த வயதுக் குழந்தைக்கு மாத்திரை நின்றால் உடம்பு மட்டுமல்ல, மூளையின் வளர்ச்சியும் சேர்ந்து முடங்கும். இத்தனை பேர் முன்னால் தன் சூரணத்தைத் தானே குறைத்துப் பேச வேண்டியிருந்தால் பேசிவிடுவது என்று விறுவிறுவென்று கதவுக்கு வந்தாள்.

அதற்குள் சுகுணா குனிந்துவிட்டிருந்தாள்.

பஞ்சும் காகிதமும் கிடந்த கூடைக்குள் கையை விட்டு டப்பாவைத் தேடி எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினாள்.

"நிறுத்தாத கண்ணு. நான் சொன்னது பொய்யி. விடியக்காலம் எழுப்பி, வெறும் வயித்துல எம்பொண்ணுக்கு நான்தான் குடுக்கறேன். ஒரு நாளும் விட்டதில்ல."



கலைமணி கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவளைத் தாண்டி சுசித்ரா வெளியே போய் அம்மாவை ஒட்டி நின்றாள்.

ராமக்காள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமாங்க அண்ணி," என்றாள் சுகுணா. "எம்பொண்ணு மாத்திரைக்காரிதான்."

குரல் முன்பைவிடக் கொஞ்சமும் குறையவில்லை.