மூலைக்குப் போன சுண்டுவிரல்

மொழிபெயர்ப்பாளர் இசைவாணியின் இடது கையில் ஒரு சுண்டுவிரல் இருந்தது. பழைய கணினியில் எதைச் சேமிப்பதென்றாலும் அதுதான் ஓடிப்போய் மூலையிலுள்ள 'கண்ட்ரோல்' பொத்தானை அமுக்கும். கூடவே மோதிரவிரல் 'எஸ்'ஸைத் தட்டும். பிறகு புதுக் கணினி வந்தது. அதன் இயங்குதளமே வேறு.

“தம்பி, மூலையில ஒண்ணும் இல்லடா. அந்த வேலை இப்போ ஸ்பேஸ் பார் பக்கத்துல, என்கிட்ட வந்துடுச்சு” என்றது கட்டைவிரல்.

“தெரியும்ண்ணே” என்ற சுண்டுவிரல், சொன்ன வாய் மூடுமுன் மறுபடி மூலைக்குப் போய், வெட்கத்தோடு திரும்பியது. “அப்போ நான் எதுக்குண்ணே?”



மழை மூட்டமான ஒரு மதியம், இசைவாணி தட்டச்சு செய்தபடியே கண்ணயர்ந்தாள். எழுதியது எதையும் சேமித்திருக்கவில்லை. விரல்களும் உறக்கத்தில் மிதந்தன. கனவில் பழைய கணினி வந்ததோ என்னவோ, சுண்டுவிரல் மெல்ல நீந்திப்போய் மூலையைத் தடவியது. மோதிரவிரலும் பழக்கதோஷத்தில் 'எஸ்'ஸை நோக்கிச் சரிந்தது. அரைக்கண் திறந்த கட்டைவிரல், அதற்குள் சத்தமில்லாமல் தன் பொத்தானை அமுக்கிப் பிடித்தது. மோதிரவிரல் 'எஸ்'ஸின் மேல் விழ, எழுதியதெல்லாம் பத்திரமானது.

“சேவ் பண்ணிட்டேண்ணே” என்று தூக்கத்திலேயே முனகியது சுண்டுவிரல்.

“ஆமாண்டா தம்பி, பார்த்தேன்” என்றது கட்டைவிரல்.