கொளஞ்சி இன்னும் ஆறவில்லை

"பால ஊத்துறியா இல்லியா அண்ணி? ஊரே பாக்குது!"

"சூடா இருக்குது. ஊத்த மாட்டன்."

"மாசம் தாண்டியும் சூடா இருக்க அது என்னா சாம்பலா, டீக்கடை அடுப்பா?"

சுடுகாட்டு மேட்டில் நின்று நாத்தனார் கத்தினாள். அண்ணிக்காரி பால்சொம்பை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

ஊர் பார்க்கத்தான் செய்தது. இல்லாத ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

அவள் புருஷன் கொளஞ்சி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஒருநாள் மண் சரிந்தது. தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள்.

சுரங்கம் உடம்பைத் திருப்பித் தராவிட்டால் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு கரித்துண்டு. செத்தவன் வேட்டியில் சுற்றி, விறகில் கிடத்தி, கொள்ளி. சாம்பல் ஆறியதும் பெண்டாட்டி கையால் பால். அதற்குப் பிறகுதான் பொட்டை அழிப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். தீட்டும் அப்போதுதான் கழியும்.

ஆறாத சாம்பலில் பால் ஊற்றக்கூடாது.

புகைகிறது என்றால், போனவன் இன்னும் போகவில்லை.

கொளஞ்சியின் கூட்டாளிகளுக்கு உள்ளங்கைத் துண்டு மனசுக்கு ஒப்பவில்லை. ஓங்குதாங்கான ஆளாயிற்றே. அவன் நீளத்துக்கே ஒரு பாளத்தைத் தூக்கி வந்துவிட்டார்கள். பாசம்தான். கரியிலேயே புரள்கிறவர்களுக்குக் கரி எப்படி எரியும் என்று தெரியாதா?

அன்றைக்குத் தெரியவில்லை.

அது எரிந்து முடியவில்லை. கனன்றது. மழை பெய்த மறுநாளும் புகைந்தது.

அவள் பொட்டோடு இருந்தாள். குழாயடியில் அதைப் பேசாத வாய் இல்லை. இவளேதான் கரி அள்ளிப் போடுகிறாள் என்றார்கள். பொட்டுக்கு ஆசைப்பட்டு ஒருத்தனை நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்றார்கள்.

நாத்தனார் விருத்தாம்பாள் கத்துவதில் நியாயம் இருந்தது. அவளுக்கு நிச்சயமான கல்யாணம் தீட்டு கழியாமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் வேறு ஜாதகங்களும் பார்த்தார்கள்.

கொளஞ்சி பெண்டாட்டிக்கு மட்டும் ஒன்று தெரியும். அவள் ஒரு துண்டுகூடப் போடவில்லை.

அப்படியென்றால் யார்?

அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது.

மதியம் சங்கு ஊதினால் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். கல் பறந்து வரும். ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். மறுசங்குவரை தெருவில் நாய்கூட இருக்காது.

வருகிறவன் வந்தால் அந்த நேரத்தில்தான் வருவான்.

அவள் குளித்தாள். தலை சீவினாள். கனகாம்பரம் வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் பார்த்தது.

சங்கு ஊதியது. அவள் நடந்தாள்.

வெடித்தது. காலடியில் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது.

மேட்டில் யாரோ குனிந்திருந்தார்கள். புழுதிக்குள் முதுகு மட்டும் தெரிந்தது.

கொளஞ்சியின் முதுகு. இடது தோளில் அதே சரிவு.

'வந்துட்டியா' என்று கேட்க வாயைத் திறந்தாள்.

முதுகு நிமிர்ந்தது.

மடி நிறையக் கரி. விருத்தாம்பாள்.

அவள் இவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டாக வைத்தாள். அண்ணன் தட்டில் சோறு வைப்பதுபோல, போதுமா போதுமா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். பிறகு குனிந்து ஊதினாள்.

இவள் சத்தமில்லாமல் திரும்பினாள். வீடு வந்தபோது தலையில் பூவைக் காணோம். எதிர்வீட்டு ஜன்னல் அதையும் பார்த்தது.

மறுநாள் குழாயடியில் விருத்தாம்பாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். "இன்னிக்காவது ஊத்துவியா?"

இவள் கிட்டே போனாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குழாயடியில் மெதுவாகச் சொன்னதுதான் முதலில் கேட்கும்.

"நீ வெடி நேரத்துல வூட்டுலயே இரு பாப்பா. ஊத்திடறன்."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்று சங்கு ஊதியபோது அவள் அடுத்த தெருவுக்குப் போய் நாத்தனார் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தினார்கள். விருத்தாம்பாளின் கை வெறும் மடியைப் பிசைந்துகொண்டே இருந்தது. மறுசங்குவரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

சாம்பல் ஆறியது. பால் ஊற்றினாள். புகையவில்லை.

பிறகு அவள் திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் வேலை. அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பொட்டு வைக்கிறாளா என்று பார்த்துவர இங்கிருந்து இரண்டு பேர் செலவழித்துக்கொண்டு போனார்கள். வைக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் பார்த்து வைத்திருந்த ஜாதகத்தில் ஒன்றை முடித்துக்கொண்டார்கள்.

சுரங்கம் நகர்ந்து வந்து சுடுகாட்டைத் தின்றது. அப்புறம் ஊரை. சனங்கள் சாமான்களோடு லாரி ஏறிப் புதுக் காலனிக்குப் போனார்கள். விருத்தாம்பாள் மடியில் ஒரு மூடிய மண்சட்டி. வழியெல்லாம் இறக்கி வைக்கவில்லை. அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தாள்.

காலனியில் தனியாக இருக்கிறாள். விடிந்ததும் முதல் புகை அவள் வீட்டிலிருந்துதான்.

அரிசி வாங்குகிறாள், பருப்பு வாங்குகிறாள். கடைக்காரருக்கு ஒன்றுதான் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை.