ஆதிகேசவன் கழுத்தில் மாலை

போலீஸ் ஸ்டேஷன் படியை விட்டு ஆதிகேசவன் இறங்குவதற்குள் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. போட்டவர் சைக்கிள் கடை முக்தார் அகமது.

"தலையைத் தூக்குங்க போட்டோக்காரரே! ராத்திரி பூரா லாக்கப்புல இருந்துட்டு வர்ற ஆம்பளை, கல்யாணப் பொண்ணாட்டம் குனிஞ்சுகினு நிக்கறீங்களே!"

கூட்டம் சிரித்தது. யாரோ ஜே போட்டார்கள். ஆதிகேசவன் தலையைத் தூக்கவில்லை.

இந்த வெட்கம் இன்று வந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினாரே, அன்றே வந்துவிட்டது. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்ட கோபத்தில் திருத்தணி கொதித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் ஊர்வலம் என்று பேச்சு.

"நான் ஊருக்குப் புதுசு. எவன் எவன்னு மூஞ்சி தெரியாது," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ முன்னால நின்னு படம் எடு. படத்தை வெச்சு வீடு வீடாப் போயி நான் பிடிச்சுக்கறேன். முடியாதுன்னா காமிராவை இங்கயே வெச்சுட்டுப் போ."

ஆதிகேசவனுக்குக் கடை கிடையாது. கிருத்திகைக்கு மலையேறும் காவடிக்காரர்கள், மொட்டையடித்த குழந்தைகள், கனகம்மாசத்திரம் வரைக்கும் கல்யாணங்கள் என்று காமிராவைத் தோளில் சுமந்துபோய்ப் பிழைப்பவன். அது போனால் கையில் ஒன்றுமில்லை. "சரிங்க சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். சோறு போட்டுக்கொண்டிருந்த தமயந்தியின் கை அப்படியே நின்றது.

"ஊர்வலத்துல கொடி பிடிக்கறது என் தம்பி. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை இருட்டறையில் உட்கார்ந்து படம் பதியும் ஆறு கண்ணாடி பிளேட்டுகளை, வெளிச்சம் படாமல் மூடி போட்ட மரச்சட்டங்களில் அடைத்தான். உள்ளே அவன் இருக்கும்போது தட்டாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக் கட்டுப்பாடு. அன்று அவள் கதவுப் பக்கமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது, பிளேட்டுப் பையைத் துடைத்து வாசற்படியில் எடுத்து வைத்திருந்தாள். பேசாவிட்டாலும் இதையாவது செய்தாளே என்று அவனுக்குச் சின்ன ஆறுதல்.

ஊர்வலத்தின் முன்னால் மைத்துனன் பங்காரு கொடியோடு வந்தான். அக்காள் புருஷன் முக்காலியும் காமிராவுமாக நிற்பதைப் பார்த்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"நல்லா எடுங்க பாவா! மூஞ்சி தெளிவா விழணும். இல்லாட்டி உங்க எசமானரு கோச்சுக்குவாரு!"

ஆதிகேசவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் தொழில் முந்திக்கொண்டது. வெயில் முகத்தில் விழட்டும் என்று முக்காலியை இரண்டடி நகர்த்தி வைத்தான். மறுபடியும் பார்த்தான், இன்னும் அரையடி நகர்த்தினான். ஆறும் நன்றாக அமைந்துவிட்டன என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அந்த ஒரு கணத்தைத்தான் பிறகு அவனால் மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் இருட்டறையில் பிளேட்டுகளை மருந்தில் கழுவினான். ஆறு பிளேட்டும் கரி பூசினதுபோல் கறுத்துக் கிடந்தன. ஒரு முகம் இல்லை.

"வேணும்னேதானே வெளிச்சம் காட்டிக் கெடுத்தே?" என்று மேஜையைத் தட்டினார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்! சத்தியமா நல்லாத்தான் எடுத்தேன். எங்க தப்பு வந்துச்சுன்னே தெரியல சார்!"

காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவர் நம்பவில்லை. ராத்திரி பூரா லாக்கப்பில் வைத்துவிட்டு, படமும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் என்ன செய்வது என்று வியாழக்கிழமை காலையில் விட்டுவிட்டார். ஊரும்தான் நம்பவில்லை. போலீஸையே ஏமாற்றியவன் என்று மாலையோடு வந்து நின்றது.

வீட்டு வாசலில் பங்காரு அவன் காலைத் தொட்டான்.

"அன்னிக்கு நடுத்தெருவுல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க பாவா."

"எழுந்திருப்பா" என்று ஆதிகேசவன் அவனைத் தூக்கிவிட்டான்.

"உள்ள வாங்க. தண்ணி காஞ்சுகினு இருக்குது," என்றாள் தமயந்தி. நான்கு நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சும்மா இருந்தால் அந்தச் சிரிப்பு அவனுக்கே. வாயைத் திறந்தால் போய்விடும்.

எல்லாரும் போன பிறகு மாலையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"இது எனக்கு வேணாம் தமயந்தி. நான் ஒண்ணும் கெடுக்கல. உன் தம்பி மூஞ்சி நல்லா விழணும்னு வெயில் பார்த்து, இடம் பார்த்து எடுத்தேன். எங்கயோ கை தப்பி எல்லாம் பாழாயிடுச்சு. ஊரு என்னைத் தியாகிங்குது. தைரியமும் இல்ல, தொழிலும் தெரியல, அவ்வளவுதான் நான்."

தமயந்தி தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆறு பிளேட்டையும் வெயில்ல காட்டி மூடணுமே... எனக்கு உசுரே போயி உசுரு வந்துச்சுங்க."