மாமன் வேலைக்கு ஆள்

“அந்த ஆளு மனுஷனே இல்ல அங்கிள்! சொந்தத் தங்கச்சியை இப்படி நாலு பேரு முன்னாடி நிறுத்தி வச்சவன் நெஞ்சுல ஈரம் இருக்குமா?”

உள்ளே வந்த பெண், தன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைப்பதற்குள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

ஹேமநாதனுக்குக் கோபக்காரர்களைப் பிடிக்கும். அவரும் அதே ரகம்தான்.

“மொதல்ல உக்காரும்மா. யாரை வையறன்னு அப்புறம் கேக்கறேன். என்ன வேலை ஆகணும்? அதைச் சொல்லு.”

அம்பாங்கானில் அவர் ‘கூப்பிடு சர்வீஸ்’ திறந்து ஆறு மாதம் ஆகிறது. ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது மூலையில் உட்கார்ந்து அழாமல், மறுநாளே பழைய மோட்டார் பைக்கை உதைத்துக் கிளம்பியவர். கிளினிக்கில் நம்பர் எடுப்பது, கேஸ் தோங் என்கிற சிலிண்டரை மாற்றுவது, புல் வெட்டுவது, பாசாரில் மீன் வாங்கிக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எல்லாம் பார்த்து, இப்போது ஒரு லோரியும் விக்டர் என்ற ஆளும் சேர்ந்தாயிற்று. வாசல் போர்டில் அவரே நின்று எழுத வைத்த வரி: ‘முடியாது என்ற பேச்சே கிடையாது.’

“எனக்குக் கல்யாணம் அங்கிள். தாய்மாமன் வேலைக்கு ஒரு ஆள் வேணும்.”

கேஸ் தோங்கைத் தூக்கப்போன விக்டர் அப்படியே குனிந்தபடி நின்றான்.

“மாமன் வேலையா?”

“ஆமா. பொண்ணுக்கு மாமன் மாலை போட்டு, கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“சொந்த மாமன் இல்லியா?”

“நல்லா கல்லு மாதிரி இருக்காரு. என்னைக்கோ ஏதோ மரியாதை குறைஞ்சுபோச்சாம். எந்திரிச்சுப் போனவரு, எங்க வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் எட்டிப் பார்க்கல. போன வாரம் மாப்பிள்ளை வீட்டுல ‘மாமன் யாரு’ன்னு கேட்டாங்க. எங்கம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாங்க. இனிமே எங்கம்மா அப்படி நிக்கக் கூடாது அங்கிள். அவ்வளவுதான்.”

ஹேமநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பெரிய மகாராஜா! தங்கச்சி புள்ள கல்யாணத்தை விட இவரு மரியாதை ஒசத்தியாக்கும்! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

“கிடைச்சா?”

“சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து மேடையில நிறுத்துவேன் லா!”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா, அவருக்குப் புரியவில்லை.

“சரி, கவலைய விடு. விக்டரை அனுப்பறேன். பட்டு வேட்டி கட்டினா ஆளு ஜம்முனு இருப்பான்.”

“பாஸ், நான் சர்ச்சுக்குப் போறவன்!”

“ஒரு நாள் மாமனா நின்னா அந்தோணியார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. சும்மா இரு.”

“அவரு வேணாம் அங்கிள். மீசையே ஒழுங்கா வரல. நீங்களே வாங்க.”

“மொதலாளியே வந்தா ரேட் வேற.”

“அதெப்படி? முடியை நரைக்க விட்டவருக்கு ஒரு ரேட்டு, மீசை இல்லாதவருக்கு ஒரு ரேட்டா? மாமன்னா ஒரே ரேட்டுதான். வேட்டி, மாலை, சாப்பாடு எங்களது. பெட்ரோல் உங்களது.”

“பெட்ரோல் உன்னுது. கோயில் டேவான் மண்டபத்துல அரை நாள் நிக்கணும், கால் வலி என்னுது.”

“நிக்க வேணாம். மொத வரிசையில நாற்காலி. பெட்ரோல் உங்களது.”

ஹேமநாதன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இந்த ஆறு மாதத்தில் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

“யாருகிட்டம்மா கத்துக்கிட்ட இந்தப் பேரம்?”

“எங்க குடும்பத்து ரத்தம் அங்கிள். கடைசி நேரத்துல வர முடியாதுன்னு சொல்ல மாட்டீங்களே?”

“ஏய், இந்த அம்பாங்கான் பூரா கேட்டுப் பாரு. ஹேமநாதன் வாக்கு குடுத்தா மாறினதா ஒருத்தன் சொல்லட்டும், போர்டைக் கழட்டிடறேன். விக்டர், நீ சாட்சி!”

நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லு. எந்த ஊரு, யாரு வீடு?”

“கோலா பிலா. குமுதவல்லி வீடு. நான் அவங்க மக, புனிதா.”

ஹேமநாதன் கையை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

“அது... உங்கம்மா அன்னைக்கு மொத மாலையை...”

“தெரியும். மடியில உக்கார வச்சு எனக்குக் காது குத்த வந்த மாமன் நீங்க. நீங்க நிக்கறப்பவே, ஆபீஸ்ல கணக்கு எழுதற பெரிய ஆளுன்னு தோட்டத்துக் கிராணிக்கு மொத மாலையைப் போட்டுட்டாங்க. தப்புதான். அம்மா இன்னைக்கும் அதைச் சொல்லி அழறாங்க. ஆனா நீங்க எந்திரிச்சுப் போனதும், அதே கிராணி மடியிலதான் என்னை உக்கார வச்சாங்க. அது யாரு தப்பு?”

விக்டர் தூக்கிய தோங்கை மெல்லத் தரையில் இறக்கினான்.

புனிதாவின் கண் கலங்கியிருந்தது. தலை மட்டும் கொஞ்சமும் தாழவில்லை.

“என் காதுக்கு வேத்தாளு மடி போதும்னு விட்டீங்க. என் கழுத்துல வேத்தாளு மாலை விழக் கூடாது. பேரம் முடிஞ்சது, சாட்சியும் இருக்கு. சட்டையைப் புடிச்சு இழுக்க வைக்காம, நீங்களா வந்து மொத மாலையைப் போடுங்க, மாமா!”