பச்சைக் கார்டே போதும்

“ராவும் பகலும் கேம் ஓடிக்கிட்டே இருக்கணும்ண்ணே. நிறுத்துற பேச்சே கிடையாது. அதுக்கு ரெண்டுல எது தோது?”

அழகுபாண்டி இப்படிக் கேட்டதும் வெங்கடேஷ்பாபுவுக்குப் புல்லரித்துவிட்டது. காளவாசலில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை அவருடையது. பிரிண்டர் மை இருக்கா, மவுஸ் இருக்கா என்று கேட்டு வருகிறவர்களே அதிகம். கிராபிக்ஸ் கார்டில் எது நல்லது என்று ஒப்பிட்டு வாங்க ஒரு மனுஷன் வந்திருக்கிறான், அதுவும் செக்கானூரணிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி.

எதிரே ஏசி போட்ட புதுக் கடை வந்ததிலிருந்து பாபுவிடம் மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான். பாபு கடையில் பழசை வாங்கினாலும் ஏமாற மாட்டோம் என்ற பெயர். இந்த ஆள் உதவாத கார்டோடு ஊருக்குப் போய் நாலு பேரிடம் புலம்பினால் அதுவும் போச்சு. நல்லதைக் கொடுத்துத்தான் அனுப்புவது என்று அவர் தீர்மானமாக இருந்தார்.

இரண்டு கார்டையும் மேசை மேல் எடுத்து வைத்தார். இரண்டுமே யாரோ ஆடித் தீர்த்துவிட்டுத் தள்ளிவிட்டவை. சிவப்புக் கார்டில் மெமரி அதிகம், விசிறியும் புதுசு. பச்சையில் மெமரி பாதிதான், விசிறியும் நொண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் யோசிக்கவே வேண்டாம் என்றார்.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான் அழகுபாண்டி. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். கீழே வையுங்க என்று சொல்லியும் வைக்கவில்லை. பணத்தோடுதான் வந்திருக்கிறான் என்று பாபுவுக்கு உற்சாகம் கூடியது.

முதலில் சிவப்பு. கார் ரேஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கார் கண்ணாடியில் மழைத்துளி விழுவதுகூடத் தெரிகிறது பாருங்க என்று பாபு ரசித்து ரசித்துக் காட்டினார். அழகுபாண்டியோ முதல் வளைவிலேயே காரைச் சுவரில் முட்டவிட்டு, அதைத் திருப்பி எடுக்கக்கூட இல்லை. திறந்திருந்த கேபினட்டுக்குள் கையை விட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையால் கார்டைத் தொட்டான். முகம் தொங்கிப் போயிற்று.

“என்னண்ணே, பச்சத்தண்ணி கணக்கா இருக்கு.”

அதுதானே இதில் விசேஷம் என்றார் பாபு. சூடு பார்த்து வாங்குகிறவன் சாமானிய ஆட்டக்காரனாக இருக்க மாட்டான் என்று அவருக்கு மரியாதை ஒரு படி ஏறியது.

அடுத்தது பச்சை. கார் கொஞ்சம் ஓடியது, விக்கியது, நின்றது, மறுபடி ஓடியது. விசிறி மிக்சி மாதிரி கத்தியது. சற்று நேரத்தில் கேபினட்டே கதகதவென்று ஆகிவிட்டது. பாபுவுக்கு மானம் போவதுபோல் இருந்தது. அழகுபாண்டிக்கோ வாயெல்லாம் பல். மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தவன், மடியிலிருந்த பையை எடுத்துக் கேபினட்டை ஒட்டிப் பதமாக வைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அழகுபாண்டி பதறிவிட்டான். வீட்டிலும் இப்படிப் போனால் யுபிஎஸ் எம்புட்டு நேரம் தாங்கும் என்று கேட்டான். ஒரு மணி நேரம் ஆடாமல் இருக்க முடியாதா, இப்படியும் ஒரு வெறியா என்று பாபுவுக்கே பாவமாகப் போயிற்று.

வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று மெதுவாக விசாரித்தார். இனிமேல் இந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று பொண்டாட்டி தங்கப்பொண்ணு குலசாமி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் இருக்கும் அவள் தம்பியுடையது. ஏதாவது ஆகிவிடுமோ என்று தூசி தட்டக்கூட அவள் கிட்டே வர மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இறங்கியிருக்கிறேன் என்றான். மனைவிக்குத் தெரியாமல் ஆடுகிறவன் படும் பாடு பாபுவுக்கும் தெரியும். அவர் பெருமூச்சு விட்டார்.

கரண்ட் வந்தது.

“பச்சையே போதும்ண்ணே. கட்டிக் குடுங்க.”

பாபுவால் தாங்க முடியவில்லை. பச்சை விலைக்கே சிவப்பைத் தருகிறேன் என்று இறங்கி வந்தார். அவன் மசியவில்லை. சிவப்பைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றான். இத்தனை வருஷம் கடை நடத்தியதில் இப்படி ஒரு கிறுக்கனை அவர் பார்த்ததே இல்லை.

“அப்ப நான் விக்கமாட்டேன் தம்பி. ஊருல போயி பாபு ஏமாத்திட்டான்னு நீங்க சொல்லவா? காரு விக்குது, கார்டு சுடுது. இத வச்சு என்னத்த ஆடுவீங்க?”

அழகுபாண்டி வாசலை எட்டிப் பார்த்தான். கூட வந்திருந்த தங்கப்பொண்ணு எதிர்ச்சாரி வளையல் கடையில் மும்முரமாக இருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் பாபுவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மஞ்சப்பையின் வாயை லேசாக விரித்துக் காட்டினான். தவிட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைப் பாபு குனிந்து பார்த்தார்.

“சண்டைச்சேவ முட்டைண்ணே. தாய்க்கோழியக் கீரி தூக்கிருச்சு. இனிமே இதுதான் அடைகாக்கணும்.”