தங்கபுஷ்பத்தின் கையெழுத்து

தங்கபுஷ்பம் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனை எடுத்தாள். திரையில் தேர்தல் அலுவலகப் பெண் தெரிந்தாள்.

"அம்மா, உங்க தபால் ஓட்டுல கையெழுத்து ஒத்துப்போகல. திரையில விரலால போட்டுத் திருத்திரலாம். மூணு தடவ தப்பானா ஓட்டு செல்லாது."

தங்கபுஷ்பம் போட்டாள். திரை சிவந்தது. இன்னும் நிதானமாகப் போட்டாள். மறுபடியும் சிவப்பு.

"இது என் கையெழுத்துதாம்மா."

"பழைய தேர்தல்கள்ல நீங்க போட்டதோடதான் மிஷின் ஒப்பிடும். பாருங்க."

பழைய கையெழுத்து திரையில் வந்தது: தங்கபுஷ்பத்தின் பெயர், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். அவள் கணவர் செல்வின் தன் கையெழுத்தையும் அப்படித்தான் முடிப்பார். வாக்குச்சாவடிகளை மூடி எல்லோருக்கும் தபால் ஓட்டு என்றாக்கிய நாளிலிருந்து இருவருடைய ஓட்டையும் போட்டு அனுப்புவது அவர்தான். இந்த முறைதான் தன் உறையை அவர் கண்ணில் காட்டாமல், தனக்குப் பிடித்த சின்னத்தில் குத்தி அனுப்பியிருந்தாள்.

"ஏட்டி, ஒன் ஓட்டுக் கவரு இன்னுமா வரல? இன்னைக்குக் கடைசி நாளுல்லா!" செல்வினின் குரல் அடுக்களையை நோக்கி வந்தது.

"கடைசித் தடவம்மா," என்றாள் திரையிலிருந்தவள்.

தங்கபுஷ்பம் ஈர விரலைச் சேலையில் துடைத்தாள். தன் பெயரை அவர் எழுதுவதுபோலச் சாய்த்து எழுதினாள். கோட்டை இழுத்தாள். இரண்டு புள்ளிகளையும் வைத்தாள்.

திரை பச்சையானது. கதவு தட்டப்பட்டது.

"இதுதாம்மா உங்க கையெழுத்து," என்றாள் அந்தப் பெண். "இனிமே மாத்திப் போடாதீங்க."