தலைக்கொரு பிளேடு

தாராவிச் சந்தில் காலை வெயில், சலூன்கார பூதத்தானின் தண்ணீர்க் கிண்ணத்தில் மினுங்குகிறது. பொன்செல்வியின் ஒரு வயது மகளுக்கும் அவள் அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் இன்று மொட்டை. பேரம் பேசாமல் மூச்சுகூட விடாத மளிகைக்கடை சுயம்பு மாமா, "மூணு தலைக்கும் ஒரே பிளேடு போதும்லா?" என்கிறார். பொன்செல்வி விடுவதாயில்லை. அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது. பிறந்த அன்றே தொடங்கித் தவறாமல் போட்ட ஊசிகளால் மகளுக்கு அது ஒட்டவில்லை என்று நேற்றுதான் ரிப்போர்ட் வந்திருக்கிறது. "ரத்தம் பட்ட பிளேடுல தொத்தும் மாமா. தலைக்கொரு புதுசு." "நீ வச்ச பாயசத்துல?" "அதுல தொத்தாது." பூதத்தான் புது பிளேடின் உறையைப் பிரிக்கிறார். சற்று நேரத்தில் சந்தனம் பூசிய குட்டி மொட்டை, வெயிலில் பளபளத்துச் சிரிக்கிறது. மாமா பாயசம் குடித்த காலி டம்ளரைப் பொன்செல்வியிடம் நீட்டுகிறார்: "மூணு தலைக்கு மூணு பிளேடுன்னா, எனக்கும் மூணு டம்ளர்!"